வீடு பழசாகுது, விலை மட்டும் எப்படி ஏறுது?

நேத்து ராத்திரி தூக்கம் வராம மறுபடியும் இஎம்ஐ கால்குலேட்டரைத் திறந்துட்டேன். மூணு வருஷமா இது ஒரு வியாதி மாதிரி ஆயிடுச்சு, கடன் தொகையை மாத்துவேன், வருஷத்தை 20ல இருந்து 25 ஆக்குவேன், அப்புறம் 30, கடைசித் தவணை கட்டும்போது எனக்கு என்ன வயசுன்னு பார்த்துட்டு போனைக் கவுத்து வச்சிட்டுப் படுத்துருவேன். மூணு வருஷம் முன்னாடி "டவுன் பேமென்ட்டுக்கு இன்னும் கொஞ்சம்தான் பாக்கி, சேர்த்துட்டு வாங்கிடலாம்"னு வீட்டம்மாகிட்ட சொன்னேன். அந்தக் கொஞ்சத்தை நெசமாவே சேர்த்தாச்சுங்க. ஆனா அதுக்குள்ள விலை ஏறின ஏத்தத்துல இன்னிக்கும் "இன்னும் கொஞ்சம்" பாக்கி இருக்கு, சொல்லப்போனா அன்னிக்கு இருந்ததை விட ஜாஸ்தியா.

எனக்கு ரொம்ப நாளா ஒண்ணு புரியல. கார் வாங்கினா ஷோரூமை விட்டு வெளிய வந்ததுமே விலை இறங்குது, போன், பிரிட்ஜ் எல்லாமே அப்படித்தான். வீடும் பழசாகுற சாமான்தானே, சுவர் விரிசல் விடுது, பைப் ஒழுகுது, லிஃப்ட் பாதில நிக்குது, அப்புறம் எப்படி 20 வருஷப் பழைய ஃபிளாட்டுக்குப் புதுசுல வித்ததை விட பல மடங்கு சொல்றாங்க? உக்காந்து யோசிச்சப்பதான் ஒறைச்சுது, ஏறுறது வீடே இல்ல, அதுக்குக் கீழ இருக்குற மண்ணு. கட்டடம் அது பாட்டுக்குத் தேஞ்சுகிட்டுதான் இருக்கு. மண்ணும் தானா ஒண்ணும் பண்ணலை, பக்கத்துல மெட்ரோ வருது, ஆஸ்பத்திரி வருது, ஆபீஸ் வருது, அதெல்லாம் ஊரே சேர்ந்து வரி கட்டிக் கொண்டுவந்தது, அதுல வாடகைக்கு இருக்கவன் காசும் இருக்கு. லாபம் மட்டும் பத்திரம் யார் பேர்ல இருக்கோ அவங்களுக்கு. அதனாலதான் நிலத்து மேல தனியா வரி போடுங்கன்னு 19ஆம் நூற்றாண்டுல இருந்தே சொல்லிட்டு வர்றாங்க, யார் காதுல விழுது.

அப்புறம் இந்த வட்டி. வட்டி குறைஞ்சா நமக்கு நல்லதுன்னுதான் நானும் நினைச்சிட்டு இருந்தேன். கால்குலேட்டர்ல போட்டுப் பாருங்க, 30 வருஷக் கடன்ல 7% வட்டிக்கு 100 வாங்கினா எவ்ளோ இஎம்ஐ வருமோ, அதே இஎம்ஐக்கு 3% வட்டில 158 கிடைக்கும். எனக்கு மட்டும் கிடைச்சா ஜாலிதான், ஆனா அதே ஃபிளாட்டைப் பார்க்க வந்த மத்த ஏழு பேருக்கும் 158 கிடைக்குது, ஃபிளாட் ஒண்ணுதான் இருக்கு, அப்ப விக்கிறவர் 100க்கா குடுப்பாரு? கொரோனா சமயத்துல அமெரிக்கால இதான் நடந்துச்சு, 30 வருஷக் கடன் வட்டி 3%க்குக் கீழ போச்சு, விலை பிச்சிக்கிட்டுப் போச்சு. சரி, 2023 அக்டோபர்ல வட்டி 8% கிட்ட வந்துச்சே, விலை இறங்கணுமேன்னு பார்த்தா பெருசா இறங்கலை. ஏன்னா அங்க பெரும்பாலும் கடன் வாங்கினப்ப இருந்த வட்டி கடைசி வரைக்கும் மாறாது, அதனால 3%ல கடன் வச்சிருக்கவங்க "இதை வித்துட்டு 8%க்குப் புதுசா கடன் வாங்க எனக்கென்ன பைத்தியமா"ன்னு நகராம உக்காந்துட்டாங்க, மார்க்கெட்டுக்கு வர்ற வீடே கம்மியாயிடுச்சு. வட்டி குறைஞ்சாலும் அடி, ஏறினாலும் அடி, மத்தளம் மாதிரி.

ஒரு குடும்பத்தோட வருஷ வருமானத்துல மூணு மடங்குக்குள்ள வீட்டு விலை இருந்தா அது கட்டுப்படியாகுற ஊருன்னு பல நாட்டு ஊர்களோட வீட்டு விலையை ஒப்பிட்டுப் பார்க்குற டெமோகிராஃபியா ரிப்போர்ட்ல ஒரு கணக்கு வச்சிருக்காங்க. ஹாங்காங்ல 2021 வாக்குல அது 20ஐத் தாண்டிச்சு. 20 வருஷச் சம்பளத்தைச் சாப்பிடாம கொள்ளாம அப்படியே எடுத்து வச்சாலும் பத்தாது. இதைப் படிச்சதும் எனக்கு ஒரு அல்ப ஆறுதல், அதை மறைக்க விரும்பல.

சரி செய்யவே முடியாதான்னா, செஞ்ச ஊருங்க இருக்கு. வியன்னால 1920கள்லயே நகராட்சி வீடு கட்ட ஆரம்பிச்சு இன்னிக்கு ஊர்ல பாதிப் பேர் நகராட்சி வீடு இல்லன்னா அரசு உதவில கட்டின வீடுன்னுதான் இருக்காங்க. சிங்கப்பூர்ல 1960ல ஹெச்டிபின்னு அரசாங்க வீட்டு வசதி வாரியம் ஆரம்பிச்சாங்க, நிலம் அரசாங்கத்துக்கிட்ட, வீடு 99 வருஷ லீசுக்கு, சுமார் 80% பேர் அதுலதான் குடியிருக்காங்க. நியூசிலாந்து ஆக்லாந்துல 2016ல விதியை மாத்தி குடியிருப்பு நிலத்துல முக்கால்வாசில இன்னும் நெருக்கமா, உசரமா கட்டலாம்னு விட்டதும் கட்டுமானம் குபுகுபுன்னு கூடுச்சு. பெர்லின் மாதிரி 2020ல வாடகையை அப்படியே ஃப்ரீஸ் பண்ணிப் பார்த்தவங்களும் உண்டு, அடுத்த வருஷமே கோர்ட்டு செல்லாதுன்னுடுச்சு, அதுக்குள்ள வாடகைக்கு வர்ற வீடே குறைஞ்சுபோச்சு. ஏற்கனவே வாடகைக்கு இருக்குறவங்களுக்கு லாபம், புதுசா தேடுறவங்களுக்கு நஷ்டம். என்னைக் கேட்டா, புதுசா வீடு வராம வாடகையை மட்டும் அமுக்கிப் பிடிச்சா அந்தப் பக்கம் பிதுங்கத்தான் செய்யும்.

அப்ப வழி தெரிஞ்சும் ஏன் எல்லா ஊர்லயும் செய்ய மாட்டேங்குறாங்க? என் ஃப்ரெண்டு ஒருத்தன், ரெண்டு வருஷம் முன்னாடி வரைக்கும் என்கூட சேர்ந்து பில்டர்ல இருந்து அரசாங்கம் வரைக்கும் எல்லாரையும் திட்டிட்டு இருந்தவன். எப்படியோ முக்கித் தக்கி ஒண்ணு வாங்கிட்டான். போன வாரம் போன் பண்ணி "மச்சான், எங்க ஏரியால ரேட்டு எங்கயோ போயிடுச்சு, இன்னும் லேட் பண்ணாத"ன்னான், குரல்ல அப்படி ஒரு சந்தோஷம். அதே போன்ல, அவன் பில்டிங் எதிர்ல பெரிய அபார்ட்மென்ட் ஒண்ணு வருதாம், வெளிச்சம் போயிடும், டிராஃபிக் ஆயிடும், ரேட்டும் அடிவாங்கும்னு எல்லாரும் சேர்ந்து மனு குடுத்திருக்காங்களாம். முதல் கையெழுத்தே இவன்தான். அந்த அபார்ட்மென்ட்ல ஒரு வீடு எனக்குக் கிடைச்சிருக்கலாம்டான்னு சொல்ல வாய் வரைக்கும் வந்துச்சு, சொல்லல.

அவனைக் குத்தம் சொல்லவும் முடியல. ஆயுசு சேமிப்பு, 25 வருஷக் கடன், எல்லாத்தையும் ஒரே சுவத்துக்குள்ள போட்டவன் விலை குறையணும்னா வேண்டுவான்? வீடு மலிவா கிடைக்கணும், வாங்கின வீடு ஏறிட்டே இருக்கணும்னு ரெண்டையும் ஒரே ஊர்ல கேக்குறோம், ஓட்டுக் கேட்டு வர்றவரும் ரெண்டுக்கும் தலையாட்டிட்டுப் போறாரு.

இதையெல்லாம் ராத்திரி ஒரு மணிக்கு வீட்டம்மாகிட்ட விளக்கிட்டு, நாளைக்கு நாமளும் வாங்கினா அந்த மாதிரி மனுல கையெழுத்துப் போடுற ஆளா மாறிடுவோமோன்னு பயமா இருக்குன்னேன். "முதல்ல வாங்குங்க, அப்புறம் மாறிக்கலாம்"னு சொல்லிட்டு லைட்டை அணைச்சிட்டா.