கேம்பாய் அட்வான்ஸ்: பட்டன் மக்கர் செய்தால் பட்டனை மாற்றாதீர்கள்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், நின்டெண்டோவின் பழைய கையடக்க வீடியோ கேம் கருவியான கேம்பாய் அட்வான்ஸ் வாங்குபவர்களுக்கு இரண்டு புகார்கள்தான். ஏ பட்டனை முழு பலத்தோடு அமுக்கினால்தான் வேலை செய்கிறது. அல்லது யாரும் தொடாமலே திரையில் ஆள் ஒரு பக்கமாக நடக்கிறான். உடனே புது பட்டன் செட் ஆர்டர் போடுகிறார்கள். வீண் செலவு.

2001இல் வந்த இந்தக் கருவியில் பிளாஸ்டிக் பட்டனின் வேலை கீழே தள்ளுவது மட்டும்தான். பட்டனுக்குக் கீழே ஒரு ரப்பர் இருக்கிறது. அதன் அடியில் இருக்கும் கறுப்புக் கார்பன் வட்டம், சர்க்யூட் போர்டில் சீப்புப் பற்கள் போலக் கோத்துக் கிடக்கும் இரண்டு தடங்களைத் தொட்டு இணைக்கிறது. கடலோர ஊரில் அந்த இடைவெளியில் உப்பும் அழுக்கும் படியும். காய்ந்திருக்கும்போது தொடர்பைத் தடுக்கும். பிப்ரவரிப் புழுக்கத்தில் ஈரத்தை இழுத்துக்கொண்டால், அதே படிவு மின்சாரத்தைக் கடத்தி, அமுக்காத பட்டனை அமுக்கியதாகக் காட்டும்.

திறக்கும் முன் பேட்டரியையும் கேம் கார்ட்ரிட்ஜையும் எடுத்துவிடுங்கள். பின்புறம் ட்ரை-விங் (தலையில் மூன்று கிளை வெட்டு உள்ள) ஸ்க்ரூ 6, பேட்டரி அறைக்குள் பிலிப்ஸ் (பிளஸ் வெட்டு) ஸ்க்ரூ 1. பேட்டரி அறை ஸ்க்ரூவை மறந்து நெம்பினால் ஓடுதான் உடையும். ட்ரை-விங்குக்குத் தட்டை டிரைவர் வேண்டவே வேண்டாம். தலை மழுங்கினால் துளைத்துத்தான் எடுக்க வேண்டும். திரை கீழே இருக்கும்படி வெள்ளைத் துண்டின்மேல் வைத்து மெதுவாகத் திறங்கள். எல், ஆர் பட்டன்களின் மெல்லிய கம்பியும் குட்டி ஸ்பிரிங்கும் துள்ளி விழுந்தால் வெள்ளைத் துணியில் கண்ணில் படும்.

உள்ளே போர்டைப் பிடித்திருப்பது 3 பிலிப்ஸ் ஸ்க்ரூ. கழற்றியதும் போர்டைத் தூக்கிவிடாதீர்கள். திரையின் ரிப்பன் கேபிள் செருகியிருக்கும் கனெக்டரின் இரு முனையிலும் பழுப்பு நிறத்தில் சிறு தாழ் இருக்கும். நகத்தால் இரு பக்கமும் சமமாக ஒரு மில்லிமீட்டர் அளவு தள்ளினால் போதும், கேபிள் தானாக நழுவி வரும். ஒரு பக்கத்தை மட்டும் இழுத்தால் தாழ் ஒடியும். பிறகு பட்டன் சரியானாலும் திரை வேலை செய்யாது. ஸ்பீக்கரின் இரண்டு வயர்களும் போர்டில் சால்டர் செய்தவை, அவற்றை இழுக்காமல் போர்டைப் புரட்டுங்கள்.

துடைக்க 99 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் வாங்குங்கள். பார்மசியில் கிடைக்கும் 70 சதவீதத்தில் மீதி பெரும்பாலும் தண்ணீர். இந்த ஊர்க் காற்றில் சீக்கிரம் காயாது. சாயம் போட்ட மெத்திலேட்டட் ஸ்பிரிட் கறை விடும். போர்டின் தடம் கறுப்பாக இருந்தால் அதுவும் கார்பன் பூச்சுதான். பஞ்சுக்குச்சியால் மெல்ல ஒற்றி எடுங்கள். அழிரப்பர், உப்புத்தாள் இரண்டுமே பூச்சைச் சுரண்டிவிடும். ரப்பருக்கு ஆல்கஹால் வேண்டாம். வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் அலசி, ஒரு நாள் முழுக்க உலரவிடுங்கள்.

சுத்தம் செய்தும் சரியாகவில்லையா? மல்ட்டிமீட்டரை ஓம் அளவில் வைத்து, ஒரு முனையைப் பேட்டரியின் மைனஸ் தகட்டிலும் மறுமுனையை போர்டின் சோதனைப் புள்ளியிலும் வையுங்கள். டிபி0 (போர்டில் TP0) ஏ பட்டனுக்கு, டிபி1 பி பட்டனுக்கு, டிபி8 ஆர், டிபி9 எல். ரப்பரைத் தடத்தின்மேல் அமுக்கும்போது சில நூறு ஓமுக்குள் வந்தால் நல்லது. பல ஆயிரம் காட்டினால் கார்பன் தேய்ந்துவிட்டது. ரப்பர் செட்டை மட்டும் மாற்றுங்கள். அலுமினியத் தாள் ஒட்டும் வைத்தியம் சில வாரம் ஓடும், ஆனால் போர்டின் தடத்தைக் கீறிவிடும். எல், ஆர் இரண்டுக்கும் ரப்பர் கிடையாது, போர்டிலேயே சால்டர் செய்த சின்ன சுவிட்ச். அமுக்கும்போது பூஜ்யத்தை ஒட்டி வரவேண்டும். வராவிட்டால் ஒரு சொட்டு ஆல்கஹால் விட்டுப் பலமுறை அமுக்குங்கள். அதற்கும் மசியாவிட்டால் புது சுவிட்ச்தான்.

ஜோஹன்னஸ்பர்க்கில் ஜூலைக் குளிரில் இந்த வேலையைச் செய்பவர்கள் போர்டைத் தொடும் முன் உலோகக் குழாயைத் தொட்டுக்கொள்ளுங்கள். அங்கே காற்று வறண்டிருக்கும், உடம்பில் நிலைமின்சாரம் சேரும்.

மூடும்போது ரப்பரின் ஓட்டைகள் ஓட்டிலுள்ள பிளாஸ்டிக் முளைகளில் சரியாக உட்கார வேண்டும். ஸ்க்ரூவை முதலில் இடப்புறமாகச் சுற்றுங்கள். பழைய மரையில் 'டக்' என்று விழுவது கைக்குத் தெரியும். அங்கிருந்து வலப்புறம் முடுக்கினால் பிளாஸ்டிக்கில் புது மரை வெட்டாது. முடுக்கிய பிறகு பட்டன் மேலே எழாமல் நின்றால் ஸ்க்ரூவை இன்னும் இறுக்காதீர்கள். பெரும்பாலும் ரப்பர் முளையில் உட்காரவில்லை, திரும்பத் திறந்துதான் பார்க்க வேண்டும்.