பாட்டே இல்லாத தட்டு

கோபிச்செட்டிபாளையத்துக்குப் பக்கத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் மைக்செட் தொழில் நடத்திய என் பெரியப்பாவிடம், டிஜேக்கள் பயன்படுத்தும் டைம்கோடு இசைத்தட்டைப் பற்றி ஒரு மாலையில் விளக்கிக்கொண்டிருந்தேன். பார்வைக்கு அது எல்பி எனப்படும் பெரிய இசைத்தட்டுப் போலவே இருக்கும். பிளேயரில் வைத்து ஊசியை இறக்கலாம், விரலால் முன்னும் பின்னும் தள்ளலாம். ஆனால் அதில் பதிந்திருப்பது பாட்டு அல்ல. முதலிலிருந்து கடைசி வரை ஒரே மாதிரி ‘கீ’ என்று ஒலிக்கும் ஓர் ஓசை மட்டுமே. அந்த ஓசை எவ்வளவு வேகத்தில், எந்தத் திசையில் ஓடுகிறது என்பதை மென்பொருள் கணித்து, மடிக்கணினியில் இருக்கும் பாட்டை அதற்கேற்ப ஓட்டும். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்ட பெரியப்பா, “பாட்டே இல்லாத தட்டச் சுத்தறதுக்கா கண்ணு இத்தன காசு?” என்றார்.

அந்தக் கேள்விக்கு அன்றைக்கு நான் சொன்ன பதில் எனக்கே நிறைவாக இல்லாததால்தான் இதை எழுதுகிறேன்.

டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 பிளேயர் 1972இல் வந்தது. வேகத்தை 8 சதவீதம் வரை கூட்டவும் குறைக்கவும் உதவும் நீளமான நகர்விசையோடு அதன் இரண்டாம் வடிவம் 1979இல் வந்த பிறகு, அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் கிளப்களில் தட்டு ஓட்டியவர்களின் கைகள் அந்தக் கருவிக்கென்றே பழகிப்போயின. உறையோடு சேர்த்தால் ஒரு பெரிய தட்டு ஏறத்தாழ கால் கிலோ வரும். எண்பது தட்டுகள் என்றால் இருபது கிலோ. அதைத் தூக்கிக்கொண்டு அவர்கள் ஊர் ஊராக விமானம் ஏறினார்கள். எனவே 2000களின் தொடக்கத்தில் ஆம்ஸ்டர்டாமில் உருவான ஃபைனல் ஸ்கிராட்ச்சும், 2004இல் நியூசிலாந்தின் செராட்டோ நிறுவனம் கொண்டுவந்த ஸ்கிராட்ச் லைவும் என்ற டைம்கோடு முறைகள் இரண்டும், சுமையைக் குறைத்துக் கைப்பழக்கத்தை மட்டும் காப்பாற்றிக்கொள்ளும் ஏற்பாடுகளாகவே அவர்களுக்குப் பயன்பட்டன. பாட்டே இல்லாத தட்டுக்குக் காசு கொடுத்தவர்கள் உண்மையில் தங்கள் விரல்களின் பல வருடப் பயிற்சிக்குத்தான் கொடுத்தார்கள். பிறகு 2009இல் பென் டிரைவைச் செருகி ஓட்டும் சிடிஜே-2000 என்ற பிளேயரை பயனியர் நிறுவனம் வெளியிட்டபோது, பல மேடைகளில் அந்தத் தட்டுக்கும் வேலை இல்லாமல் போயிற்று.

கொங்குப் பக்கத்தில் இந்த வரிசை எதுவும் நடக்கவில்லை. இங்கே தட்டு ஓட்டியவர்கள் டிஜேக்கள் அல்லர், மைக்செட்காரர்கள். அவர்களும் 80களில் கேசட்டுக்கு மாறிவிட்டார்கள். 2006 வாக்கில் கோவையில் நான் இந்தத் தொழிலுக்கு வந்தபோது என் கையில் இருந்தவை ஒரு பழைய மடிக்கணினியும் எரித்த சிடிகள் அடங்கிய ஓர் உறைப்பையும்தான். எஸ்எல்-1200ஐ முதன்முதலாக நேரில் பார்த்ததே பெங்களூரில். அதனால் ‘தட்டைக் கைவிட்டவன் டிஜேயே அல்ல’ என்று இணையத்தில் யாராவது கோபப்படும்போது, கைவிடுவதற்கு எங்களிடம் என்ன இருந்தது என்றே கேட்கத் தோன்றுகிறது. திருப்பூர் பனியன் கம்பெனியின் ஆண்டு விழாவிலோ, பொள்ளாச்சித் தென்னந்தோப்பு விடுதியில் நடக்கும் திருமண வரவேற்பிலோ, ஜமாப் மேளம் அடித்து முடித்த கையோடு கூட்டம் என்னிடம் கேட்பது புதிய தமிழ்த் திரைப்பாடல்களை. 90களின் நடுவிலிருந்து ஏறக்குறைய இருபது ஆண்டுகள் வந்த அந்தப் பாடல்களில் பெரும்பாலானவை தட்டாக அச்சாகவே இல்லை. தட்டில்தான் ஓட்டுவேன் என்று நான் அடம்பிடித்திருந்தால் என் பெட்டி காலியாகவே இருந்திருக்கும்.

ஒலித்தரத்தைப் பற்றிய சண்டையில் எனக்கு அதிக ஆர்வம் இல்லை. சிடியில் ஒலிக்கு ஆகும் தகவல் நொடிக்கு 1411 கிலோபிட். நல்ல எம்பி3 கோப்பு 320. காதுக்கு எட்டாதவற்றைக் கழித்துவிட்டு மிச்சத்தை வைத்துக்கொள்வதே எம்பி3யின் வழி. அதைக் கவனமாகச் செய்த 320 கோப்பையும் மூலத்தையும், ஐந்நூறு பேர் ஆடும் கூடத்தில் வேறுபடுத்திச் சொல்லும் காது எனக்கு இல்லை, உண்டு என்று சொல்பவர்களையும் நான் அவ்வளவாக நம்புவதில்லை. ஆனால் அந்தக் காலத்தில் இலவசத் தளங்களிலிருந்து இறக்கிய 128 கோப்பு வேறு கதை. பெரிய பாக்ஸில் போட்டால் அதன் ஜால்ரா ஓசை தண்ணீருக்குள்ளிருந்து வருவதுபோலச் சளசளக்கும். தட்டுக்கும் தனக்கென்று தொல்லை உண்டு. பந்தலில் பலகைமேல் பிள்ளைகள் குதித்தால் ஊசி தாவிவிடும் என்பதற்காகப் பெரியப்பா பிளேயருக்கு அடியில் மணல் மூட்டை வைப்பார். கிளப்களில் இதே காரணத்துக்காகக் கான்கிரீட் பலகை வைப்பார்கள் என்று நான் சொன்னபோது, தன் யோசனை அங்கே எப்படிப் போயிற்று என்பதுபோல என்னைப் பார்த்தார்.

உண்மையில் என்னை யோசிக்க வைத்தது வேறொன்று. பெரியப்பா தட்டை வெளிச்சத்துக்கு நேராகச் சாய்த்துப் பார்த்தே பாட்டு எங்கே அடங்குகிறது, எங்கே எழுகிறது என்று சொல்லிவிடுவார். ஓசை குறைந்த இடத்தில் வரிப்பள்ளங்கள் வழவழப்பாகக் கருத்துத் தெரியும். மேளம் முழங்கும் இடத்தில் அவை நெளிந்து சாம்பல் நிறமாக மின்னும். வெளிநாட்டு டிஜேக்களும் அப்படிப் பார்த்துத்தான் ஊசியை எங்கே இறக்குவது என்று தீர்மானித்திருக்கிறார்கள். இன்று என் திரையில் ஓடும் அலைவடிவம் அந்த வரிப்பள்ளத்தையே நிமிர்த்தி வரைந்த படம்தான். பார்க்கும் வசதி கூடியிருக்கிறதே தவிர, பார்க்கப்படும் பொருள் மாறவில்லை. ஒரே வேறுபாடு, அவர் ஒரு முறை பார்த்துவிட்டுக் கூட்டத்தைப் பார்த்து நிமிர்ந்துகொள்வார். நான் திரையிலிருந்து கண்ணை எடுக்க மறந்துவிடுகிறேன்.

ஓடும் பாட்டின் வேகத்தோடு அடுத்த பாட்டின் வேகத்தைத் தானாகவே பொருத்தும் ‘சிங்க்’ பொத்தானைப் பற்றிக் கேலிகள் நிறைய உண்டு. மேலைநாட்டு நடன இசையில் அது பிசகுவதில்லை, ஏனென்றால் அந்தத் தாளமே இயந்திரத்தில் பிறந்தது. 70களிலும் 80களிலும் வந்த தமிழ்ப் பாடல்கள் அப்படியல்ல. தபலாவும் டிரம்ஸும் வயலின்களும் ஒரே கூடத்தில் ஒன்றாக அமர்ந்து வாசித்தவை அவை. பல்லவியில் ஒரு வேகம் இருந்தால் சரணம் முடிந்து திரும்பும்போது அது இம்மியளவு முந்தியிருக்கும். மென்பொருள் முதல் வரியை அளந்து அதே அளவில் கடைசி வரை கட்டம் போட்டுவிடுகிறது. இரண்டாம் சரணத்தில் இரண்டு பாடல்களின் தாள அடிகளும் ஒன்றோடொன்று முட்டிக்கொள்கின்றன. மும்மூன்றாக எண்ணும் திஸ்ர நடையில் அமைந்த பாட்டு என்றால் இன்னும் மோசம், வேகத்தையே ஒன்றரை மடங்காகக் கணக்கிட்டுவிடும். அப்போது பொத்தானை அணைத்துவிட்டு, ஒரு காதில் ஹெட்போனும் மறு காதில் கூடத்தின் ஓசையுமாக, விரலால் தள்ளியும் பிடித்தும்தான் ஓட்டவேண்டும். மேடையில் ஒருநாளும் தட்டு ஓட்டாத நான், அதற்குரிய கைவேலையைப் பழைய தமிழ்ப் பாட்டுகளின் தயவில்தான் கற்றுக்கொண்டேன்.

பெரியப்பாவின் தகரப் பெட்டியில் அறுபதுக்குக் குறையாத தட்டுகள் இருந்தன. கோயில் பூச்சாட்டு விழாவுக்குப் போகும்போது ஒரு முப்பது, கல்யாணத்துக்கு வேறு முப்பது, சீருக்கு இன்னும் குறைவு என்று முதல் நாள் இரவே திண்ணையில் பிரித்து வைத்துவிடுவார். என் 64 ஜிபி பென் டிரைவில் ஐயாயிரம் பாட்டுக்குக் குறையாமல் கொள்ளும். தொழிலுக்கு வந்த புதிதில் நான் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போனேன். அடுத்த பாட்டைத் தேடித் தேடியே நடப்புப் பாட்டு முடிந்துபோன இரவுகள் உண்டு. இப்போது நிகழ்ச்சிக்கு எண்பது பாட்டு என்று ஒரு கோப்புறை போடுகிறேன், அதற்கு மேல் ஏற்றுவதில்லை. இதைச் சிக்கனம் என்று சொல்லிக்கொள்ள முடியாது, பயம் என்பதே சரி. மற்றொரு பயம், பென் டிரைவை, கோப்புகளை அடுக்கும் முறைகளில் ஒன்றான எஃப்ஏடி32 முறையில் அமைத்திருக்கிறேனா என்று ஒவ்வொரு முறையும் சரிபார்ப்பது. ஒரு வரவேற்பில் என்டிஎஃப்எஸ் முறையில் அமைத்ததைக் கொண்டுபோய்ச் செருகினேன். அங்கிருந்த பிளேயர் அதைத் திறக்கவே இல்லை. மாப்பிள்ளையின் மாமா தன் கைப்பேசியை நீட்டி, “இதுல போடுங்க தம்பி” என்றார். அன்றிலிருந்து இரண்டு பென் டிரைவ்கள்.

அண்மையில் பெரியப்பாவின் தட்டுகளைக் கோப்புகளாக மாற்றத் தொடங்கியிருக்கிறேன். தட்டைக் கழுவித் துடைத்து, ஒரு பக்கம் முழுவதையும் ஒரே மூச்சில் பதிவு செய்து, பாட்டுகளாக வெட்டிவைக்கிறேன். முதலில் எடுத்த எல்பியில் குறுக்கே ஒரு நீண்ட கீறல் இருந்தது. தட்டு ஒரு சுற்று சுற்றும் 1.8 நொடிக்கு ஒரு தரம் ‘டக்’ என்று கேட்டது. நிதானமாக நடக்கும் தாலாட்டு அது. டிஜே மென்பொருளில் ஏற்றியபோது அதன் வேகம் நிமிடத்துக்கு 133.3 தாள அடி என்று காட்டியது. குத்துப்பாட்டுக்குரிய வேகம் தாலாட்டுக்கு எப்படி வந்தது என்று கொஞ்ச நேரம் விளங்கவில்லை. எல்பி நிமிடத்துக்கு 33⅓ சுற்றுச் சுற்றும். அதை நான்கால் பெருக்கினால் 133.3. மென்பொருள் பாட்டை விட்டுவிட்டுக் கீறலைத் தாளமாக எடுத்துக்கொண்டிருந்தது. பெரியப்பாவைக் கூப்பிட்டுத் திரையைக் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு எண்ணைப் படித்துவிட்டு, அந்தக் கீறல் சத்தியமங்கலத்துக் கல்யாணம் ஒன்றில் விழுந்தது என்று சொன்னார்.