27ஆவது பின்னில் இருந்த பச்சை

நேற்றிரவு ஒன்பது மணிக்கு அந்த மஞ்சள் வீடியோ கேம் கசற்றில் கோடு இல்லாமல் படம் வந்தது. மூன்று கிழமையாக இதோடுதான் கிடந்தேன். 2002இல் ஏ9 பாதை திறந்த பிறகு அண்ணா வவுனியாவில் வாங்கிவந்த கசற், கேம் பெட்டிக்குள் செருகும் ஓரத்தில் 60 பின் (உலோகத் தொடுமுனை) உள்ளது. கிளிநொச்சியில் அப்போது கரண்ட் இல்லை, ஜெனரேற்றர் போடும் இரவுகளில்தான் விளையாடுவோம். 2008இல் இடம்பெயரும்போது அம்மா பொலித்தீனில் சுற்றி, தகரப் பெட்டிக்குள் வைத்து வளவில் தாட்டுவிட்டார். திரும்பி வந்து கிண்டி எடுத்தும் இவ்வளவு காலம் அறை மூலையில்தான் கிடந்தது.

முதல் கிழமை சேர்ஜிக்கல் ஸ்பிரிட்டால் வீணாய்ப் போனது. பார்மசியில் அதுதான் கிடைத்தது. பின்கள் பளபளத்தன, ரிவியில் ஒன்றும் வரவில்லை. அதில் ஆமணக்கெண்ணெய் கலந்திருக்கும். தோலுக்கு நல்லது, பின்னில் மெல்லிய படலமாக நின்றுவிடும். கடைசியில் கைபேசி திருத்தும் கடைத் தம்பிதான் 99 வீத ஐசோபுரோப்பைல் அல்ககோலைச் சின்னப் போத்தலில் ஊற்றித் தந்தார். மருந்துக்கடைகளில் அலையாதீர்கள், இப்படியான கடைகளில் கேளுங்கள். பட்ஸைப் பின்னின் நீளவாக்கில் ஒரே பக்கமாக இழுக்க வேண்டும். குறுக்கே தேய்த்தால் கிரவல் தூசி இடுக்கில் போய் அடையும். எனக்கு நாற்பது பட்ஸாவது போயிருக்கும். உப்புத்தாள் போடு என்று சொன்னவர்களும் உண்டு. பூச்சே முடி அளவு கூட இல்லாத பின்னில் உப்புத்தாளா? நினைத்தாலே கோபம் வருகிறது.

அதற்குப் பிறகு பாட்டுச் சரியாகக் கேட்டது, படம் மட்டும் குழம்பியது. எனக்கு உயிர் வந்தது அங்கேதான். இந்த வகைக் கசற்றில் நிரலுக்கும் படத்துக்கும் தனித்தனிப் பின்கள். பாட்டு ஓடினால் நிரல் பக்கம் நல்லாயிருக்கிறது. ரிவியைக் கைபேசியில் படம் எடுத்துப் பெருப்பித்துப் பார்த்தேன். எட்டுப் புள்ளிக்கு ஒன்றாக, ஒரே இடைவெளியில் நிலைக்குத்துக் கோடுகள். படத்தின் ஒவ்வொரு கட்டமும் எட்டுப் புள்ளி அகலம், ஒரு புள்ளிக்கு ஒரு தரவுக் கம்பி, இடமிருந்து டி7 தொடங்கி டி0 வரை. கெட்டது இடமிருந்து ஏழாவது புள்ளி. அப்படியென்றால் டி1 கம்பி, 27ஆவது பின்.

லென்ஸ் வைத்துப் பார்த்தால், பின்னுக்குச் சற்று மேலே சர்க்கிட் பலகையின் பச்சைப் பூச்சுக்கு அடியில் இன்னொரு பச்சை. செம்புக் களிம்பு. மீற்றரை வைத்தேன், தொடர்பே இல்லை. பட்ஸ் நுனியில் ஒரு துளி வினாகிரி தொட்டு, இரண்டு நிமிடம் கழித்துப் பற்றரித் தண்ணியால் (காய்ச்சி வடித்த நீர்) கழுவினேன். வாகனக் கடையில் வாங்கும்போது கவனம், பற்றரி அமிலமும் அதே மாதிரிப் போத்தலில்தான் இருக்கும். பிறகு அல்ககோல், ஒரு இரவு காயவிட்டேன். பழைய சார்ஜர் வயரில் ஒரு இழை எடுத்து அறுந்த இடத்தின் மேல் ஈயம் வைத்து ஒட்டினேன். கை நடுங்கி இரண்டு தடவை பக்கத்துப் பின்னோடு சேர்ந்துவிட்டது, மூன்றாம் தடவை நின்றது.

அண்ணாவுக்கு உடனே வீடியோ அனுப்பினேன்.

பெரியம்மா வீட்டில் ஒரு கேம்போய் கசற் இருக்கிறதாம், விளையாடிய இடத்தைச் சேமித்து வைக்கும் பற்றரி உள்ளே இருக்கிற வகை. அதற்குத் தகடு பொருத்திய பற்றரிதான் வேண்டும், வெறும் வில்லைப் பற்றரியைச் சூடாக்கி ஒட்டக்கூடாது. கொழும்புக்குப் போகிற யாரிடமாவது சொல்லிவிட வேண்டும். அந்தக் கசற்றைத் திறக்க 3.8 மில்லிமீற்றர் திருப்புளியும் சேர்த்து.

மஞ்சள் மூடி இன்னும் திறந்தபடிதான் மேசையில் கிடக்கிறது. ஒரு கொளுக்கி உடைந்திருக்கிறது.