சில்லைக் கலானில் ஸ்ரீநகர்

வரும் ஜனவரியில் அம்மாவுடன் ஸ்ரீநகர் செல்லத் திட்டமிட்டிருக்கிறோம். துலிப் தோட்டம் திறக்கும் வசந்தம் வரை காத்திருக்கலாமே என்று உறவினர்கள் சொன்னாலும், டிசம்பர் 21 அன்று தொடங்கி 40 நாட்கள் நீடிக்கும் சில்லைக் கலான் என்னும் கடுங்குளிர்க் காலத்தில், ஓரங்கள் உறைந்து கிடக்கும் தால் ஏரியைக் காண்பதே என் நெடுநாள் விருப்பம்.

படகு வீட்டில் தங்க ஆசைதான். ஆயினும் அம்மாவின் வயதைக் கருதி, அறையைச் சூடாக்கும் வசதி உறுதியாக உள்ள விடுதியையே தேடுகிறேன். பனிமூட்டத்தால் விமானங்கள் ரத்தாகக்கூடும் என்பதால், திரும்பும் நாளுக்கு முன் ஒரு நாளைக் காலியாக விட்டிருக்கிறேன். போகும்போது, 2025 ஜூனில் தொடங்கிய கத்ரா–ஸ்ரீநகர் வந்தே பாரத் ரயிலில், செனாப் ஆற்றின் மேல் 359 மீட்டர் உயரத்தில் அமைந்த பாலத்தைக் கடக்க வேண்டும்.

இரவு முழுவதும் ஆட்டிறைச்சியை வேகவைத்துக் குழைத்து, குளிர்கால அதிகாலையில் விற்கும் ஹரிஸாவை, பழைய நகரத்துக் கடையிலேயே அமர்ந்து சுடச்சுட உண்ண வேண்டும் என்பதில் மட்டும் நான் விட்டுக்கொடுப்பதாக இல்லை. வெளிமாநில ப்ரீபெய்டு சிம் அங்கு இயங்காது. போஸ்ட்பெய்டுக்கு மாற விண்ணப்பித்துவிட்டேன்.

முதியவர்களுடன் ஜனவரியில் சென்று வந்த நண்பர்கள் நல்ல விடுதிகளைத் தெரிவித்தால் நன்றியுடையவனாக இருப்பேன்.