நார்வேக்காரங்க இங்கிலீஷை ஏன் யாருமே திருத்த மாட்டேங்குறாங்க

நார்வே வந்து இறங்குற யாரா இருந்தாலும் முதல்ல சொல்றது, இங்க எல்லாருக்கும் இங்கிலீஷ் தெரியுதுப்பா. உண்மைதான். பஸ் டிரைவர், கேஷ் கவுண்டர் பொண்ணு, வீட்டுக்கு பைப் மாத்த வர்ற பிளம்பர், யாருமே யோசிக்காம பேசுவாங்க. 1997ல இருந்து ஸ்கூல்ல ஒண்ணாங்கிளாஸ்லயே, அதாவது ஆறு வயசுலயே ஆரம்பிச்சிடுது. ஆனா இவங்ககிட்டயே கேட்டா ஸ்கூலை விட டிவிக்குதான் கிரெடிட் குடுப்பாங்க, ஏன்னா சின்ன பசங்க பாக்குறத தவிர இங்க எதையும் டப் பண்றதில்ல, மொத்தமே 55 லட்சம் பேர் இருக்கிற நாட்டுல ஒவ்வொரு படத்துக்கும் டப்பிங்னா கட்டுபடியாகுமா, அதனால கீழ சப்டைட்டில் ஓடும், காதுல ஒரிஜினல் இங்கிலீஷ் விழும். இப்ப கேம் வேற. ஹெட்செட்ட மாட்டிகிட்டு எங்கயோ இருக்கிற அமெரிக்க பையனோட கத்திகிட்டே வளருதுங்க.

இவ்ளோ நல்லா பேசுறவங்களுக்கு, இங்கிலீஷ் தாய்மொழியா இருக்கிற நேட்டிவ் ஸ்பீக்கரோட பேசிப் பழகுற பிராக்டிஸ் எதுக்கு? எங்க ஆபீஸ் டீம்ல ட்ரொன்ட்ஹெய்ம்ங்கிற நார்வே ஊர்க்காரர் ஒருத்தர் இருக்கார், அவர்கிட்ட கேட்டேன். "பேச வருது, ஆனா தப்பா பேசினா யாரும் சொல்றதில்ல"ன்னார். யோசிச்சு பாத்தா அதுதான் விஷயமே. ஒரு பிரிட்டிஷ்காரர் இவங்ககிட்ட ரெண்டு நிமிஷம் பேசினா போதும், அசந்து போய் ஆஹா உங்க இங்கிலீஷ் பிரமாதம்னு ஆரம்பிச்சிடுவார், அதுக்கப்புறம் எந்த மூஞ்சிய வெச்சுகிட்டு திருத்துறது? தட்டுத் தடுமாறி பேசுறவனுக்கு நாலு பேர் எடுத்து குடுப்பாங்க. சரளமா பேசுறவன் ஒரே தப்ப இருபது வருஷமா சரளமா பண்ணிகிட்டே இருப்பான்.

என்ன தப்புன்னா, ரொம்ப காமனானது "ஹி ஹேவ்", "தி சில்ட்ரன் இஸ்" மாதிரி. நார்வேஜியன்ல நான், நீ, அவன், அவங்க யாரு பண்ணாலும் வினைச்சொல் ஒரே உருவம்தான், மாறவே மாறாது. போறேன் போறான் போறாங்கன்னு மாத்தி மாத்தியே பழகின நமக்கு இது விசித்திரமா இருக்கும். அப்புறம் உச்சரிப்பு. கண்கள்னு அர்த்தம் வர்ற eyes-க்கும் பனிக்கட்டி ice-க்கும் இவங்க வாயில ஒரே சத்தம்தான் வரும் (நம்ம ஆளுங்க பல பேருக்கும் அப்படித்தான், அதனால நான் சிரிக்க முடியாது). டபிள்யூ சத்தம் அவங்க மொழில கிடையாது, அத கஷ்டப்பட்டு கத்துகிட்டு அப்புறம் தேவையில்லாத இடத்துலயும் போடுவாங்க, வில்லேஜ் "உவில்லேஜ்" ஆகும், வீடியோ "உவீடியோ" ஆகும். இதோட ராகம் ஒண்ணு இருக்கு. ஓஸ்லோ பக்கத்து ஆளுங்களுக்கு வாக்கியம் முடியுறப்ப குரல் மேல ஏறும், சும்மா மழை பெய்யுதுன்னு சொன்னா கூட கேள்வி கேக்குற மாதிரி இருக்கும். மேற்குக் கரையில இருக்கிற பெர்கன் ஊர்க்காரங்களுக்கு அப்படியே இறங்கும்.

இதெல்லாம் கூட பரவால்ல, புரிஞ்சிடும். உண்மையா மாட்டிக்கிறது மரியாதை விஷயத்துலதான். படம் பாத்தே கத்துகிட்டதால கெட்ட வார்த்தை எல்லாம் தண்ணி பட்ட பாடு, ஆனா அத எங்க சொல்லலாம் எங்க கூடாதுன்னு சப்டைட்டில் சொல்லித் தராது, மீட்டிங்ல அப்பாவியா ஒண்ண எடுத்து விட்டுட்டு அடுத்த ஸ்லைடுக்கு போயிடுவாங்க, அந்தப் பக்கம் லண்டன் கிளையன்ட் முகம் செவந்து போய் உக்காந்திருப்பார். ரிப்போர்ட் வேணும்னா நேரா "ரிப்போர்ட் அனுப்பு"ன்னு மெயில் போடுவாங்க. இங்க அது மரியாதைக் குறைவே இல்ல, பிரதமரைக் கூட பேர் சொல்லி கூப்பிடுற ஊரு. ஆனா பிரிட்டிஷ்காரருக்கு மூணு வரி சுத்தி வளைச்சு கேட்டாத்தான் கேட்ட மாதிரி. நேட்டிவ் ஸ்பீக்கர்கிட்ட இவங்க கத்துக்க வேண்டியது இந்த சுத்தி வளைக்கிறதுதான், அதைத்தான் யாரும் சொல்லித் தர மாட்டாங்க.

முன்னாடி இப்படி இல்ல. 1969 கடைசில நார்த் சீல எக்கோஃபிஸ்க் எண்ணெய் வயல் கிடைச்சுதுல்ல, கண்டுபிடிச்ச பிலிப்ஸ் பெட்ரோலியம் கம்பெனி அமெரிக்காவுல ஓக்லஹோமாக்காரங்க, ஸ்டவாங்கர் ஊரு முழுக்க அமெரிக்கர்கள் வந்தாங்க, எண்ணெய் தேட அதுக்கு முன்னாடியே வந்தவங்க பிள்ளைங்களுக்கு 1966லயே அங்க ஒரு அமெரிக்கன் ஸ்கூல் வேற ஆரம்பிச்சிருந்தாங்க. கடல் நடுவுல எண்ணெய் தோண்டுற ரிக்ல நின்னுகிட்டு யாரும் உங்க இங்கிலீஷ் பிரமாதம்னு கொஞ்சிகிட்டு இருக்க முடியாது, ஒரு வார்த்தை மாறினா கை போயிடும், தப்புன்னா அங்கயே கத்துவாங்க. அந்தக் காலத்து ரிக் ஆளுங்க சிலர் பேசி கேட்டிருக்கேன், டெக்சாஸ் இழுவை இன்னும் போகல. தெற்குல லிஸ்டா பக்கம் இன்னொரு கதை, நியூயார்க் புரூக்ளினுக்கு வேலைக்கு போயிட்டு திரும்பி வந்த குடும்பங்க நெறைய, வான்ஸேன்னு ஒரு சின்ன ஊருல வருஷா வருஷம் அமெரிக்கா திருவிழாவே நடக்குது. அவங்களும் வேலை செஞ்சு திட்டு வாங்கி கத்துகிட்டவங்கதான்.

இதுல வெளிநாட்டுல இருந்து இங்க வந்த நமக்கு ஒரு நஷ்டம் இருக்கு. நாம நார்வேஜியன் பேசலாம்னு வாய தொறந்தா ரெண்டாவது வாக்கியத்துலயே இவங்க இங்கிலீஷுக்கு மாறிடுவாங்க, உதவி பண்றதா நினைப்பு. பல வருஷமா இங்க இருக்கிற இங்கிலாந்துக்காரங்க சில பேருக்கு இன்னும் காபி ஆர்டர் பண்றத தாண்டி நார்வேஜியன் வராது. ஆனா வடக்குல ஃபின்மார்க் மீன் ஃபேக்டரிக்கு 80கள்ல வேலைக்கு போன ஈழத்தமிழர்கள் பேசினா அந்த ஊர் வட்டார வழக்கு அப்படியே வரும்.

நம்ம ட்ரொன்ட்ஹெய்ம்காரர் இப்ப ஒரு வழி கண்டுபிடிச்சிட்டார். ஆபீஸ்ல இருக்கிற இங்கிலாந்துக்காரர விட்டுட்டு ஸ்காட்லாந்துக்காரர் ஒருத்தர புடிச்சிருக்கார், அவருக்கு பாராட்டுற பழக்கமே கிடையாதாம், வெள்ளிக்கிழமை ஆபீஸ்ல வாஃபிள் சாப்பிடுறப்ப நேருக்கு நேர் தப்பு தப்புன்னு சொல்லிடுறாராம். அந்த ஸ்காட்டிஷ் இங்கிலீஷ் எனக்கு பாதி புரியல, இவருக்கு சுளுவா புரியுது. அடுத்த வெள்ளிக்கிழமை என்னையும் வரச் சொல்லியிருக்கார், யாரு யாருக்கு சொல்லித்தர போறாங்கன்னு தெரியல.