ஏரிக்கரையில் மூன்று நாள், இரண்டு தூண்டில்

ஏரிக்கரைக்குப் போய்ச் சேர்ந்தபோது பிற்பகல் மூன்று மணி. வண்டியிலிருந்து பைகளை இறக்கி முடிப்பதற்குள் சின்னவன் தண்ணீரைப் பார்த்து ஓட ஆரம்பித்துவிட்டான். நான்கு வயது; தண்ணீரைக் கண்டால் அவன் கால் ஒரு இடத்தில் நிற்காது. பின்னாலேயே ஓடிப் பிடித்தேன். அந்த இடத்திலேயே ஒரு விதி போட்டோம். அறை வாசலைத் தாண்டினால் லைஃப் ஜாக்கெட் உடம்பில் இருக்க வேண்டும், அக்காவுக்கும் சேர்த்துத்தான்.

இன்னொரு விதி எனக்கும் கணவருக்கும். ஒருவர் தூண்டிலைத் தொட்டால் மற்றவர் தொடக்கூடாது. அவருடைய வேலை பிள்ளைகளைப் பார்ப்பது மட்டும், அதுவும் கை எட்டும் தூரத்தில் நின்று. தண்ணீரில் மூழ்கும் குழந்தை பெரும்பாலும் கத்துவதில்லை. மூச்சுக்கே வழியில்லாதபோது கத்துவது எங்கே? மிதவை அசைகிறதா என்று பார்த்துக்கொண்டே பிள்ளையையும் பார்த்துவிடலாம் என்பது நடக்காத காரியம். மிதவை அவ்வளவு தூரம் கண்ணை இழுக்கும்.

நான் சிறுமியாக இருந்தபோது அப்பா பக்கத்தில் உட்கார்ந்து தூண்டில் போடக் கற்றுக்கொண்டவள். கணவர் அதுவரை தூண்டிலைக் கையில் எடுத்ததில்லை. அதனால் சாமான்கள் வாங்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. பெரியவளுக்கு ஏழு வயது, அவள் உயரத்துக்கு ஒன்றரை மீட்டர்த் தூண்டில் போதும். அதைவிட நீளமானால் வீசும்போது நுனி யார் கண்ணுக்குப் போகும் என்று சொல்ல முடியாது. முள் பத்தாம் எண். எண் ஏற ஏற முள் சின்னதாகும் என்பது புதிதாக வாங்குகிறவர்களைக் குழப்பும். நான்காம் எண்ணைவிடப் பத்தாம் எண் சிறியது. சின்ன மீனின் வாய்க்குள் போகும் அளவு முள் இருந்தால்தான் பிள்ளைகளுக்கு ஏதாவது கிடைக்கும். முள் தண்ணீருக்குள் இறங்கக் கட்டும் குண்டு மட்டும் ஈயம் வேண்டாம் என்று முடிவு செய்திருந்தேன். அந்தக் காலத்தில் ஈயக் குண்டைப் பல்லால் கடித்துத் தூண்டில் நரம்பில் இறுக்குவேன், அப்பாவும் அப்படித்தான் செய்வார். ஈயம் நஞ்சு என்பது எங்கள் யார் நினைப்பிலும் இல்லை. அன்னப் பறவைகள் ஈயக் குண்டுகளை விழுங்கிச் செத்ததால் பிரிட்டனில் 1987லேயே சிறிய ஈயக் குண்டுகளின் விற்பனையைத் தடை செய்துவிட்டார்கள். எதையும் வாயில் போட்டுப் பார்க்கும் வயதுப் பிள்ளையை வைத்துக்கொண்டு அந்த டப்பாவைத் திறக்கவே எனக்கு மனசு வராது. வெள்ளீயக் குண்டு கிடைத்தது, அதையே கட்டினேன்.

முதல் நாள் மாலை வெயில் சாய்ந்ததும் மரப்பலகைத் துறையில் போய் உட்கார்ந்தோம். சின்னவனுக்கு மீனைவிட மண்புழு டப்பாதான் பெரிது. ஈரமண்ணை விரலால் கிளறுவதும் மூடுவதுமாக இருந்தான். பெரியவள் மிதவையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. நான் குண்டைக் கூட்டிக் குறைத்து, மிதவையின் சிவப்பு நுனி மட்டும் வெளியே தெரிகிற மாதிரி வைத்திருந்தேன். அப்படி வைத்தால் மீனுக்குக் கனம் தெரியாது, மெதுவாக முகர்ந்தாலும் நமக்குத் தெரியும். நுனி ஒரு தடவை நடுங்கியது. அதைச் சுற்றி மெல்லிய வளையம் விரிந்தது. மறுபடி நடுங்கி அடங்கியது. “இப்பவா?” என்றாள். “இல்லடா, இரு.” பிறகு மிதவை சாய்ந்தது, பக்கவாட்டில் நகர்ந்தது, சட்டென்று காணாமல் போனது.

மேலே வந்தது உள்ளங்கை அகல ஜிலேபி மீன். அதற்கப்புறம் நடந்ததை நினைத்தால் இன்னும் மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது. முள்ளின் நுனியில் பின்பக்கமாக நீட்டியிருக்கும் சின்னக் கொக்கி உதட்டில் ஆழமாக மாட்டியிருந்தது. உலர்ந்த கையால் பிடித்தேன், வழுக்கிப் பலகையில் விழுந்தது, துள்ளியது, மறுபடி பிடித்தேன். முதல் மீன் ஆயிற்றே என்று கணவர் போட்டோ எடுத்தார். ஒன்று சரியாக விழவில்லை என்று இன்னொன்று. எல்லாம் முடிந்து தண்ணீரில் விட்டபோது மீன் ஒருக்களித்து மிதந்தது. பெரியவள் பலகையில் குப்புறப் படுத்து அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பத்து நிமிடம் ஆகியும் நிமிரவில்லை. வீணாக வேண்டாம் என்று எடுத்துச் சமைத்தோம். அவள் சாப்பிடவில்லை.

இரவு விளக்கை அணைத்த பிறகு கேட்டாள்: “அம்மா, முள்ளு குத்துனா மீனுக்கு வலிக்குமா?”

வலிக்காது என்று சொல்லிவிடலாம். என் அப்பா அப்படித்தான் சொன்னார். நான் பொய் சொல்ல விரும்பவில்லை. லின் ஸ்னெடன் என்ற உயிரியலாளரும் அவருடன் வேலை செய்தவர்களும் 2003இல் டிரவுட் மீனின் முகத்திலும் வாயைச் சுற்றியும், காயம் உண்டாக்கும் சூட்டையும் அழுத்தத்தையும் உணரும் நரம்பு முனைகள் இருப்பதைக் காட்டினார்கள். மீன் அதை நம்மைப் போலவே வலியாக அனுபவிக்கிறதா என்பதில் விஞ்ஞானிகளிடையே இன்னும் ஒத்த கருத்து இல்லை. ஏழு வயதுக்கு இதை எப்படிச் சொல்வது? “அதுக்குத் தெரியும்டா. அதனால நாம ரொம்ப சீக்கிரமா, ரொம்ப பக்குவமா விடணும். இன்னைக்கு அம்மா சரியா செய்யல” என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “நாளைக்கு நான் சொல்லித் தரேன்” என்றாள்.

மறுநாள் விடிவதற்கு முன்பே எழுந்து, குறடால் எல்லா முட்களின் கொக்கியையும் அழுத்தி மழுக்கினேன். அப்படிச் செய்தால் சில மீன்கள் நழுவிப் போகும். போகட்டும். மாட்டிய முள் ஒரே திருப்பில் கழன்றுவிடும், அதுதான் முக்கியம். பிள்ளைகளின் விரலில் குத்தினாலும் அதே கதைதான்.

துறைக்குப் போகும் வழியெல்லாம் “பேசாதீங்க, மீன் ஓடிடும்” என்று இரண்டு பேரையும் அதட்டிக்கொண்டே வந்தேன். பக்கத்தில் தூண்டில் போட்டிருந்த ஒரு பெரியவர் திரும்பிப் பார்த்தார். “பாப்பா பேசட்டும்மா. தம்பியைப் பலகை மேல ஓட வேண்டாம்னு மட்டும் சொல்லுங்க” என்றார்.

யோசித்தால் அவர் சொன்னதில்தான் நியாயம் இருக்கிறது. காற்றில் வரும் பேச்சுச் சத்தம் நீரின் மேற்பரப்பில் பட்டுக் கிட்டத்தட்ட முழுவதும் திரும்பிவிடும். பலகையில் தடதடவென்று ஓடினால் அந்த அதிர்வு தூண்கள் வழியே நேரே தண்ணீருக்குள் இறங்கும். மீனின் இரண்டு பக்கமும் பக்கக்கோடு என்று ஓடுகிறதே, அது நீரின் சின்ன அசைவையும் உணரத்தான் இருக்கிறது. நிழலும் அப்படித்தான், நம் நிழல் தண்ணீரில் விழாதபடி உட்கார வேண்டும். அன்று முழுக்கச் சின்னவன் பூனை மாதிரி நடந்தான், வாய் மட்டும் ஓயவில்லை. மீனும் வந்தது. சின்னப் பிள்ளைகளோடு மீன் பிடிக்கப் போகிறவர்களுக்கு நான் சொல்ல நினைப்பதில் முதலாவது இதுதான். அவர்களைப் பேச விடுங்கள்.

ஒரு மணி நேரத்துக்கு மேல் உட்கார வைக்கவும் இல்லை. காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று, அவ்வளவுதான். வெயில் ஏறினால் மீனும் ஆழத்துக்குப் போய்விடும். நடுப்பகலில் கணவரும் பிள்ளைகளும் கரையோரமாக நடந்து, யாரோ அறுத்துப் போட்ட நைலான் நரம்புகளைப் பொறுக்கி ஒரு பாட்டிலில் அடைத்தார்கள். பறவைகளின் காலில் சுற்றிக்கொள்ளும், எளிதில் மட்காது. பாட்டில் பாதி நிறைந்துவிட்டது.

அப்படிப் பொறுக்கப் போன இடத்தில்தான் அந்தக் காட்சி கிடைத்தது. முழங்கால் ஆழத் தெளிந்த நீரில், மணலில் தட்டு மாதிரி வட்ட வட்டமாகப் பள்ளங்கள். ஆண் ஜிலேபி தோண்டும் கூடுகள் அவை. கொஞ்சம் தள்ளி ஒரு மீன் அசையாமல் நின்றது, அதன் முகத்துக்கு முன்னால் புகை போல ஏதோ கலங்கிக்கொண்டிருந்தது. உற்றுப் பார்த்தால் குஞ்சுகள். ஒவ்வொன்றும் ஒரு அரிசி மணி அளவு, அதில் பாதி கண். சின்னவன் “அக்கா, இங்க பாரு!” என்று கையை நீட்டினான். கையின் நிழல் விழுந்ததும் தாய்மீன் தலையைச் சற்றுத் தாழ்த்தி வாயைத் திறந்தது. அத்தனை குஞ்சுகளும் ஒரு நூலைப் பிடித்து இழுத்தாற்போல உள்ளே போய்விட்டன. தாடை உப்பிக்கொண்டு மீன் மெதுவாகப் பின்வாங்கியது. முட்டையிலிருந்தே வாயில் வைத்துத்தான் வளர்க்கும், அந்த நாட்களில் சரியாக இரைகூட எடுக்காது என்று சொன்னேன். “அப்ப அதுக்குப் பசிக்காதா?” என்றான். அரைமணி நேரம் நாங்கள் நகரவில்லை. குஞ்சுகள் மறுபடி வெளியே வந்தன, மறுபடி உள்ளே போயின. அந்தப் பக்கம் தூண்டில் போடக் கூடாது என்று பெரியவள் தீர்மானமாகச் சொல்லிவிட்டாள்.

கடைசி நாள் காலையில் அவள் தூண்டிலில் இன்னொரு ஜிலேபி வந்தது, முதல் நாள் மீனைவிடக் கொஞ்சம் பெரியது. நான் எழப் போனேன். “நீ கைய நனைச்சியா?” என்றாள். நனைத்தேன். மீன் மேலே இருக்கும் வழுவழுப்புதான் அதற்குக் கிருமி அண்டாமல் காக்கும் கவசம், உலர்ந்த கை அதை உரித்துவிடும் என்று முந்தைய நாள் சொன்னதை அவள் மறக்கவில்லை. தலையிலிருந்து வால் பக்கமாகத் தடவி முதுகு முள்ளை மடக்கிப் பிடிக்கச் சொன்னேன், மடக்காவிட்டால் கையில் ஏறிவிடும். தூண்டில் முள் சுலபமாகக் கழன்றது. “மூச்சைப் பிடிச்சுக்கோ, உனக்கு முட்டறதுக்குள்ள அதைத் தண்ணில விடணும்.” கன்னத்தை உப்பிக்கொண்டு, இரண்டு கையாலும் மீனை நீருக்குள் நிமிர்த்திப் பிடித்தாள். செவுள் ஒரு தடவை திறந்தது, இரண்டு தடவை. வால் அவள் மணிக்கட்டில் ஒரு தட்டு தட்டிவிட்டுப் போனது. போட்டோ எடுக்க யாருக்கும் தோன்றவில்லை.

வீட்டுக்கு வந்து துணி துவைக்கும்போது அவள் சட்டைக் கையில் ஒரு செதில் ஒட்டியிருந்தது. நகத்தால் எடுத்து அவளிடம் கொடுத்தேன். மீன் வளர வளரச் செதிலிலும் வட்ட வட்டமாகக் கோடு விழும் என்றதும் பூதக்கண்ணாடியைக் கொண்டு வந்தாள். ஜன்னலோரம் வெளிச்சத்தில் உட்கார்ந்து நடுவிலிருந்து எண்ணத் தொடங்கினாள். இருபத்திரண்டு வரை போனபோது தம்பி வந்து தோளில் சாய்ந்தான், எண்ணிக்கை தப்பிவிட்டது. அவனுக்கும் கண்ணாடி வழியே காட்டிவிட்டு, மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள்.