சித்தூர் என்று தேடினால் எந்தச் சித்தூர் வரும்?

தங்கை மகளின் கல்லூரிச் சேர்க்கைக்கு நேட்டிவிட்டி சர்டிபிகேட் தேவைப்பட்டது. எங்களுக்குக் கொழிஞ்சாம்பாறைப் பக்கம், பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகா. விண்ணப்பித்ததும் சான்றிதழ் வந்ததும் கேரள இ-டிஸ்ட்ரிக்ட் தளத்திலேயே முடிந்தது. சரியான தகவலைத் தேடிப் பிடிப்பதற்குள்தான் போதும் போதும் என்றாகிவிட்டது.

முதலில் போன கம்ப்யூட்டர் சென்டரில், தேடியதும் மேலே வந்த பக்கத்தைத் திறந்து, அதிலிருந்த பட்டியலை அப்படியே பிரிண்ட் எடுத்துக் கொடுத்துவிட்டார்கள். முத்திரைத்தாளில் உறுதிமொழி, கெசட்டட் அதிகாரி கையெழுத்து என்று நீளமான பட்டியல். தங்கை லீவு போட்டு அலைந்து எல்லாம் சேர்த்துக்கொண்டு வில்லேஜ் ஆபீஸ் போனால், "இதெல்லாம் யாருங்க கேட்டாங்க? ஆன்லைன்ல போடுங்க" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அந்தப் பக்கத்தை நான் திறந்து பார்த்தேன். எந்த மாநிலத்து விதி என்று ஒரு வரி இல்லை. அது விளம்பரமாக வந்த பக்கம். பொடி எழுத்தில் போட்டிருந்தது. மேலே நிற்கிறது என்பதற்காக எதையும் நம்பாதீர்கள்.

அடுத்து தாசில்தார் ஆபீஸ் நம்பர். தமிழில் 'சித்தூர்' என்று போட்டால் ஆந்திராவின் சித்தூர்தான் வரிசை கட்டி வந்தது. அங்கேயும் தமிழர்கள் நிறைய, தமிழ்ச் செய்திகளும் நிறைய. கிடைத்த நம்பரில் தங்கை கூப்பிட்டால் தெலுங்கில் பதில் வருகிறது. ஆங்கிலத்தில் நம் ஊருக்கு ஒரு 'யு', அவர்களுக்கு இரண்டு 'ஓ'. ஆனால் சரியாக அடித்தாலும் கூகுள் சில சமயம் தானே மாற்றித் தேடிவிடுகிறது.

வழிக்குக் கொண்டுவந்தது மேற்கோள் குறிதான். ஊர்ப் பெயரை ஆங்கிலத்தில் இரட்டை மேற்கோளுக்குள் போட்டு, பக்கத்தில் பாலக்காடு சேர்த்ததும் ஆந்திரா பெரும்பாலும் ஒதுங்கிவிட்டது. மிச்சத்துக்குக் கழித்தல் குறி: குறியையும் 'ஆந்திரா'வையும் இடைவெளி இல்லாமல் ஒட்டி எழுத வேண்டும். இதை அளவாகப் பயன்படுத்துங்கள். அந்தச் சொல் ஓரிடத்தில் இருந்தாலும் பக்கமே காணாமல் போகும். நமக்கு வேண்டிய பக்கமும் சேர்ந்து போய்விடலாம்.

எல்லாவற்றையும்விட உதவியது 'சைட்' கட்டளை. ஆங்கிலத்தில் சைட் என்று அடித்து, முக்காற்புள்ளி (கோலன்) வைத்து, இடைவெளி விடாமல் கேரளா டாட் கவ் டாட் இன் சேர்த்தால், அரசின் அந்த முகவரியும் அதன் கிளைத் தளங்களும் மட்டுமே வரும். விளம்பரப் பக்கத்தின் தொல்லை அதோடு தீர்ந்தது. எந்தெந்த ஆவணம் வேண்டும் என்பது அரசுப் பக்கத்திலேயே கிடைத்தது. முத்திரைத்தாள் பேச்சே அதில் இல்லை. பிடிஎஃப் கோப்பாக இருக்கும் அரசு ஆணைகளைத் தேட, ஆங்கிலத்தில் 'ஃபைல்டைப்' என்று அடித்து முக்காற்புள்ளிக்குப் பின் இடைவெளி விடாமல் பிடிஎஃப் என்று போடுங்கள்.

பழைய ஆணை தேடுகிறவர்களுக்கு ஒன்று. பாலக்காடு பல ஆவணங்களில் 'பால்காட்' என்றுதான் இருக்கும். இரண்டு பெயருக்கும் நடுவே ஆங்கிலப் பெரிய எழுத்தில் 'ஆர்' போட்டுத் தேடுங்கள். பாலக்காடு மாவட்டமே 1957இல் உருவானதுதான்; அதற்கு முன் சித்தூர் திருச்சூர் மாவட்டத்தில் இருந்தது. அந்தக் காலத்து ஆவணத்துக்குத் திருச்சூரையும் போட்டுப் பார்க்க வேண்டும்.

அப்புறம், போனில் மைக்கை அழுத்திப் பேசித் தேடுகிறவர்கள் இந்தக் குறிகளைக் கையாலேயே அடித்துவிடுங்கள். வாயால் சொன்னால் குறிக்குப் பதில் அதன் பெயரே எழுத்தாக வந்து நிற்கிறது.